ஸ்பானிஷில் ‘பேசு’, ‘பேசுங்கள்’ சொல்வது எப்படி? (ஒழுங்கு வினைகள் மட்டும்)

கேள்விக்குறி:
வணக்கம். ஸ்பானிஷ் இரண்டாம் நிலை வகுப்பில் இருக்கிறேன். நிகழ்காலம் வரைக்கும் வண்டி சரியாகத்தான் ஓடியது. இந்த வாரம் கட்டளை வடிவம் என்று ஒரு பக்கத்துக்கு அட்டவணை கொடுத்துவிட்டார்கள். ‘பேச’ என்ற ஒரே வினைக்கு ஆப்லா, ஆப்லே, ஆப்லேன், ஆப்லாத், ஆப்லேமோஸ், அப்புறம் அடிக்குறிப்பில் இன்னொரு ஆப்லா. இரண்டு ஆப்லாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ‘அது அர்ஜென்டினாக்காரர்களுக்கு’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அது போக, ஆப்லா என்றால் ‘அவன் பேசுகிறான்’ என்று போன பாடத்தில்தானே படித்தோம், அதே சொல் எப்படி ‘பேசு’ ஆகும்? ‘பேசாதே’ மாதிரி எதிர்மறை எல்லாம் இப்போது வேண்டாம். ஒழுங்கற்ற வினைகளும் வேண்டாம். நேரான கட்டளை, ஒழுங்கு வினை, இவ்வளவு மட்டும் மனப்பாடம் இல்லாமல் மண்டையில் ஏற ஒரு வழி சொல்லுங்கள்.

வகுப்பறை_அக்கா:
முதலில் எழுத்தைச் சரி செய்வோம் தம்பி. இரண்டையும் ‘ஆப்லா’ என்று எழுதியதில்தான் பாதிக் குழப்பம். எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதை வைத்துத்தான் ஸ்பானிஷ் சொல்லுக்குப் பொருளே மாறும். தமிழில் எழுதிக்காட்டும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் நெடில், மற்ற எல்லாவற்றுக்கும் குறில். நம் மொழி மாதிரி அவர்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, ஆனாலும் அழுத்தம் விழுந்த உயிர் காதுக்குச் சற்று நீண்டுதான் கேட்கும், அதனால் இது பெரிய பொய் இல்லை. இப்போது பாருங்கள், அட்டவணையில் முதலில் இருப்பது ‘ஆப்ல’, அடிக்குறிப்பில் இருப்பது ‘அப்லா’. சொல்லிப் பார்த்தால் வேறு வேறு என்று உங்களுக்கே தெரியும்.

இனி விஷயம். வினைகள் மூன்று குடும்பம். அப்லார் (பேச) மாதிரி ஆர் என்று முடிபவை, கொமேர் (சாப்பிட) மாதிரி ஏர், எஸ்க்ரிபீர் (எழுத) மாதிரி ஈர். கட்டளை போடும் முன்னால் எதிரில் நிற்பது யார் என்று மட்டும் கேளுங்கள். நாம் ‘நீ’ என்று பேசுகிற ஆள் என்றால் அங்கே ‘தூ’. அவரிடம் ஆப்ல, கோமெ, எஸ்க்ரீபெ. ஆர் குடும்பம் ‘அ’வில் முடிகிறது, மற்ற இரண்டும் ‘எ’யில். மரியாதை கொடுக்கும் ஆள் என்றால் ‘உஸ்தேத்’. அங்கே இந்த இரண்டு உயிரும் இடம் மாறிக்கொள்ளும், ஆப்லெ, கோம, எஸ்க்ரீப. எதிரில் பலர் இருந்தால் உஸ்தேத் வடிவத்தோடு ஒரு ‘ன்’ ஒட்டுங்கள், ஆப்லென், கோமன், எஸ்க்ரீபன். முதல் வாரத்துக்கு இது தாராளம்.

‘அவன் பேசுகிறான்’ என்பதும் ‘ஆப்ல’தான், உண்மை. ஆனால் யாரும் தடுமாறுவதில்லை. ‘மரீய ஆப்ல’ என்று ஒரே மூச்சில் வந்தால் மரியா பேசுகிறாள். ‘ஆப்ல, மரீய’ என்று நடுவில் ஒரு நிறுத்தத்தோடு வந்தால் மரியாவைப் பேசச் சொல்கிறார்கள்.

முதல்வரிசை:
அக்கா, ஒரு சின்ன மறுப்பு. ‘உயிர் இடம் மாறும்’ என்று சொல்லிக்கொடுத்தால் இந்த வாரம் சுகம், அடுத்த மாதம் வலி. ‘நான்’ வடிவத்திலிருந்து வருவதுதான் சரியான வழி. ஆப்லொ (பேசுகிறேன்), கோமொ, எஸ்க்ரீபொ. கடைசி ‘ஒ’வை வெட்டிவிட்டு எதிர் உயிரைப் போடுங்கள், ஆப்லெ, கோம, எஸ்க்ரீப. ஒழுங்கு வினைக்கு இரண்டு வழியிலும் ஒரே விடைதான். ஆனால் தெனேர் (வைத்திருக்க) வரும்போது உங்கள் வழி படுத்துவிடும், என் வழியில் தேங்கொ என்பதிலிருந்து தேங்க என்று தானாக வரும். தெசீர் (சொல்ல) என்றால் தீகொ, அதிலிருந்து தீக. ஒழுங்கற்றவை என்று பயமுறுத்துகிற கூட்டத்தில் பெரும்பகுதி இப்படி மடங்கிவிடும்.

வகுப்பறை_அக்கா:
சொல்வது சரிதான், நானும் அடுத்த நிலையில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி கேட்டது ஒழுங்கு வினை மட்டும். ‘நான்’ வடிவத்துக்குப் போய், வெட்டி, திரும்பி வருவதற்குள் எதிரில் நிற்கிற ஆள் போய்விடுவார். இரண்டு உயிர், அ-வும் எ-யும், அவை ஒன்றுக்கொன்று நாற்காலி மாற்றிக்கொள்கின்றன என்று பதிந்துவிட்டால் வாய் தானாகச் சொல்லும். வெட்டுவதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல்வரிசை:
அந்தப் ‘பிறகு’ வரும்போது பழையதை மறக்கடிக்க வேண்டியிருக்குமே என்பதுதான் என் கவலை. சரி, விடுகிறேன்.

நன்னூல்_பித்தன்:
இங்கே யாரும் இன்னும் ஏன் என்று கேட்கவில்லை. தூ-வுக்கு ஒரு வடிவம், உஸ்தேத்துக்கு ஏன் தலைகீழ் உயிர்? வரலாறு தெரிந்தால் அட்டவணை தேவைப்படாது.

தூ-வின் ‘காந்த’ (பாடு) லத்தீனில் இருந்த கட்டளை வடிவம், அச்சு அசலாக அப்படியே வந்திருக்கிறது. லத்தீன்காரன் ஒருவனிடம் சொன்னாலும் அதே ஒலிதான். உஸ்தேத் கதை வேறு. அது ‘வுயேஸ்த்ர மெர்சேத்’ என்ற மரியாதைச் சொல் தேய்ந்து தேய்ந்து சுருங்கியது. நம் பழைய கடிதங்களில் ‘தங்கள் சமூகத்துக்கு’ என்று எழுதுவார்களே, அந்த வகை. எதிரில் நிற்பவரையே மூன்றாம் ஆள் போல வைத்துப் பேசுகிற பணிவு. மூன்றாம் ஆளுக்கு நேராகக் கட்டளை போட முடியாது, ‘அவர்கள் பேசட்டும்’, ‘பேசுக’ என்று விருப்பமாகத்தான் சொல்ல முடியும். அதனால் விருப்பம் காட்டும் வினைவடிவம் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. லத்தீனிலேயே ஆர் குடும்பத்துக்கு விருப்ப வடிவத்தில் ‘எ’, மற்றக் குடும்பங்களுக்கு ‘அ’. அக்கா சொல்கிற நாற்காலி மாற்றம் இரண்டாயிரம் வருஷப் பழசு.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இது புதிதே இல்லை. நன்னூல் ஏவலை வேறாகவும் வியங்கோளை வேறாகவும் வைக்கிறது. ‘பேசு’ ஏவல், முன்னால் நிற்பவனுக்கு மட்டும். ‘வாழ்க’, ‘வருக’, ‘செல்க’ வியங்கோள், எந்த இடத்துக்கும் எந்தப் பாலுக்கும் செல்லும். தூ வடிவம் நம் ஏவல், உஸ்தேத் வடிவம் நம் வியங்கோள். சந்தேகம் இருந்தால் விவீர் (வாழ) என்ற ஒழுங்கு வினையை எடுத்துப் பாருங்கள். தூ-வுக்கு ‘வீவெ’, உஸ்தேத்துக்கு ‘வீவ’. ஊர்வலத்தில் கத்துகிற ‘வீவ!’ எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அது நம் ‘வாழ்க!’ ஸ்பெயின் கல்யாணங்களில் ‘வீவன் லொஸ் நோவியொஸ்!’ என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார், மணமக்கள் வாழ்க! ஆள் பலர் என்பதால் அந்த ‘ன்’.

சும்மா_பார்வையாளன்:
ஒரு கட்டளைக்கு லத்தீன், நன்னூல், கல்யாணம் எல்லாம் வந்துவிட்டது. கேட்டவர் ஓடிவிட்டாரா?

கேள்விக்குறி:
இருக்கிறேன் இருக்கிறேன். வாழ்க விஷயம் பளிச்சென்று ஏறிவிட்டது, இனி மறக்காது. ஆனால் ஒரு சந்தேகம், நான் எப்போதும் உஸ்தேத் வைத்தே பேசிவிட்டால் என்ன? ‘நீங்கள்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்களே. ஒரு வடிவம் படித்தால் போதுமே.

மத்ரித்_வாசி:
தம்பி, இங்கே வந்து இறங்குகிற தமிழர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. நமக்கு ‘நீங்கள்’ பாதுகாப்பான சொல், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், யாருக்கும் போடலாம். மத்ரித்தில் அப்படிப் போட்டால் விலகி நிற்கிற மாதிரி இருக்கும். இங்கே மேலாளரிடமும் தூ, வங்கியில் இளைஞராக இருந்தால் தூ, காப்பிக்கடையில் தூ. நம் ஆட்கள் சக ஊழியரிடம் ‘எஸ்பேரெ’ (காத்திருங்கள்) என்றால் அவர் சிரித்துக்கொண்டே ‘எனக்கு என்ன அவ்வளவு வயசா ஆகிவிட்டது?’ என்று கேட்பார். ‘எஸ்பேர’ போதும். முதியவர், மருத்துவர், காவலர், அலுவலகக் கவுன்ட்டர், இங்கேதான் உஸ்தேத்.

இன்னொன்று. நமக்கு மரியாதையும் பன்மையும் ஒரே ‘நீங்கள்’. ஸ்பெயினில் அப்படி இல்லை. நெருங்கிய நண்பர்கள் நாலு பேர் நின்றால் ‘நீ’யின் பன்மை தனியாக இருக்கிறது, வொசோத்ரொஸ். அதற்குக் கட்டளை செய்வது எல்லாவற்றிலும் சுலபம், கடைசி ‘ர்’ஐ எடுத்துவிட்டு ‘த்’ போடுங்கள். அப்லார் அப்லாத், கொமேர் கொமேத், எஸ்க்ரிபீர் எஸ்க்ரிபீத். ஒரு வினைகூட இதற்கு விலக்கு இல்லை, ஒழுங்கற்ற வினைக்கும் இதேதான். ஸ்பெயினிலும் கனேரியத் தீவுகளில் நண்பர்கள் கூட்டத்துக்கும் உஸ்தேத்தின் பன்மையான உஸ்தேதெஸ்தான்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தெருவில் இந்த ‘த்’ அபூர்வம். பள்ளிக்கூட ஆசிரியையே ‘எஸ்குசாத்’ (கவனியுங்கள்) என்று சொல்லாமல் ‘எஸ்குசார்’ என்று அகராதி வடிவத்தையே போட்டுவிடுவார். பிரதிபெயர் ஒட்டினால் இன்னும் மோசம். ‘வாயை மூடுங்கள்’ என்பதற்கு ‘கயாவொஸ்’ என்று ‘த்’ விழுந்து வரவேண்டும், ஆனால் காதில் விழுவது ‘கயாரொஸ்’. ஸ்பெயின் அரச மொழிக்கழகம் இதை ஏற்பதில்லை. ஈர் (போ) என்ற ஒரு வினைக்கு மட்டும் 2017இல் ‘ஈரொஸ்’ என்பதையும் சரி என்று ஒத்துக்கொண்டது, அன்றைக்கு இங்கே எல்லோரும் அதைப் பற்றியே சண்டை போட்டார்கள். தேர்வில் ‘கயாரொஸ்’ எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கெரேதரோ_குமார்:
மெக்சிகோவில் வொசோத்ரொஸ் என்று வாயைத் திறந்தால் பழைய காலத்துப் பாதிரியார் வந்த மாதிரி பார்ப்பார்கள். இங்கே பலர் என்றால் உஸ்தேதெஸ் மட்டும்தான், லத்தீன் அமெரிக்கா முழுவதும் அப்படித்தான். குழந்தைகள் கூட்டத்துக்கும் ‘கோமன்’, அமைச்சர்கள் கூட்டத்துக்கும் ‘கோமன்’. அந்த வகையில் நம் ‘நீங்கள்’ மாதிரி.

மெக்சிகோவில் முதல் நாளே காதில் விழுகிற கட்டளை ஒன்று சொல்கிறேன், ‘மாந்தெ?’ மந்தார் (ஆணையிட) என்ற ஒழுங்கு ஆர் வினை, தூ-வுக்கு ‘மாந்த’, உஸ்தேத்துக்கு ‘மாந்தெ’. நேரான பொருள் ‘ஆணையிடுங்கள்’, ஆனால் பயன்படுத்துவது ‘என்ன சொன்னீர்கள்?’ என்பதற்கு. அம்மா கூப்பிட்டால் பிள்ளை அடுத்த அறையிலிருந்து ‘மாந்தெ?’ என்று குரல் கொடுக்கும். இது அடிமைக்காலத்து மிச்சம், விட்டுவிட வேண்டும் என்று ஒரு கூட்டம், இல்லை, இது வெறும் பணிவு என்று இன்னொரு கூட்டம், முடியாத வாதம். பிறகு சந்தைக்குப் போனால் ‘பாசெலெ, பாசெலெ!’ பசார் என்றால் கடக்க, உள்ளே வர. ‘பாசெ’ என்றால் உள்ளே வாருங்கள். அந்த வால் ‘லெ’ யாரையும் எதையும் குறிக்காது, சும்மா ஒரு உற்சாகம், நம் ஊர்க் கடைக்காரர் ‘வாங்க வாங்க’ என்று இரண்டு தடவை சொல்கிற மாதிரி.

தூ-வும் நிறைய உண்டு. ‘எஸ்பேரமெ’ என்றால் எனக்காகக் காத்திரு. ‘மீர’ என்றால் பார், பேச்சைத் தொடங்கும்போது ‘இங்கே பாரு’ என்கிறோமே, அதேதான். உஸ்தேத்திடம் ‘மீரெ’.

சும்மா_பார்வையாளன்:
எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் கட்டளை சாலைப் பலகையில் இருக்கிறது. பரார் என்றால் நிற்க. உஸ்தேத் வடிவம் ‘பாரெ’. அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, பெரு இந்த நாடுகளில் சிவப்பு எண்கோணத்தில் ‘பாரெ’ என்றுதான் எழுதியிருக்கும். தமிழன் ஓட்டினால் நாலு பக்கமும் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விடுவான்.

கெரேதரோ_குமார்:
மெக்சிகோவில் அந்தப் பலகையில் ‘ஆல்தொ’ என்று இருக்கும், நாங்கள் பிழைத்தோம். கதவுகளைப் பாருங்கள், ‘எம்பூஹெ’ என்றால் தள்ளுங்கள், எம்புஹார் வினை. ஸ்பெயினில் இழுக்கும் கதவில் ‘தீரெ’, இங்கே ‘ஹாலெ’. எல்லாம் ஆர் குடும்பம், எல்லாம் உஸ்தேத், எல்லாம் ‘எ’. முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதால் பலகைகளில் உஸ்தேத். ஊர் சுற்றும்போது கதவையும் பலகையையும் படித்தாலே அக்காவின் நாற்காலி மாற்றம் மனப்பாடமாகிவிடும்.

கேள்விக்குறி:
அப்படியென்றால் என் தேலே (ஸ்பானிஷ் மொழிச் சான்றிதழ்) தேர்வுத் தாளில் ‘மார்கெ’ என்று வருவதும் அதுதானா? மர்கார், குறியிட? ஆனால் அங்கே எழுத்தே மாறுகிறதே, சி போய் க்யூவும் யூவும் வந்துவிடுகிறது. இது ஒழுங்கற்ற வினை இல்லையா?

வகுப்பறை_அக்கா:
அதேதான், தேர்வுத்தாள் உங்களிடம் உஸ்தேத் போட்டுப் பேசுகிறது. வகுப்புப் பாடநூல் பெரும்பாலும் தூ போடும், ‘எஸ்கூச’ கேள், ‘லேயெ’ வாசி, ‘மார்க’ குறியிடு, ‘கொம்ப்லேத’ நிரப்பு. தேர்வில் அதே வினைகள் உஸ்தேத்தில் வந்தால் திகைக்க வேண்டாம்.

எழுத்து மாறுவது பற்றி நல்ல கேள்வி. தமிழில் எழுதிப் பாருங்கள், மார்க, மார்கெ. ‘க்’ ஒலி மாறவே இல்லையே. ரோமன் எழுத்தில் சி-க்குப் பின்னால் எ வந்தால் அது ‘செ’ என்று ஒலித்துவிடும், ‘க்’ ஒலியைக் காப்பாற்றத்தான் க்யூவும் யூவும் போடுகிறார்கள். புஸ்கார் (தேட) பூஸ்க, பூஸ்கெ. தொகார் (தொட) தோக, தோகெ. பகார் (பணம் கொடுக்க) பாக, பாகெ, இங்கே ‘க’ ஒலியைக் காக்க ஜி-க்குப் பின்னால் ஒரு யூ. யெகார் (வந்து சேர) யேக, யேகெ. காதுக்கு எல்லாமே முழு ஒழுங்கு. எழுத்துக்கு மட்டும்தான் மாற்றம். தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்களுக்கு இங்கே ஒரு சலுகை, ஆனால் தேர்வில் ரோமனில்தான் எழுத வேண்டும், அதை மறக்காதீர்கள்.

தெற்குக்கோடி:
ப்யூனஸ் அயர்ஸிலிருந்து. அடிக்குறிப்பில் போட்டு எங்களை ஒதுக்கிவிட்டீர்கள், ஆனால் இருப்பதிலேயே சுலபமான கட்டளை எங்களுடையது. இங்கே தூ கிடையாது, நெருங்கியவரிடம் ‘வோஸ்’. அகராதி வடிவத்தில் கடைசி ‘ர்’ஐ வெட்டு, வேலை முடிந்தது. அப்லார் அப்லா. கொமேர் கொமே. எஸ்க்ரிபீர் எஸ்க்ரிபீ. அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். மத்ரித்காரர் சொன்ன ‘அப்லாத்’ இருக்கிறதே, அதிலிருந்து ‘த்’ தேய்ந்து விழுந்ததுதான் எங்கள் அப்லா. அவர்கள் தெருவில் காணாமல் போன ‘த்’தை நாங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டோம்.

இதில் இன்னொரு லாபம். உயிர் மாறுகிற தொல்லை போய்விடும். தூ-வில் பென்சார் (யோசிக்க) ‘பியேன்ச’ ஆகும், வொல்வேர் (திரும்பி வர) ‘வுயேல்வெ’ ஆகும், ஏனென்றால் அழுத்தம் உள்ளே போனால் உயிர் உடைந்துவிடுகிறது. வோஸில் அழுத்தம் கடைசியில் இருப்பதால் உடையவே உடையாது, பென்சா, வொல்வே. தூ-வில் ஒழுங்கற்றவை என்று எட்டு வினையை உருப்போட வைப்பார்கள், அதில் ஆறு இங்கே ஒழுங்காகிவிடும். ‘தி’ (சொல்) என்பது தெசீ, ‘போன்’ (வை) என்பது பொனே, ‘தேன்’ (வைத்துக்கொள்) என்பது தெனே. மிச்சம் இரண்டுதான், ‘சே’ (இரு) அப்படியே நிற்கும், ‘போ’ என்பதற்கு அந்தார் வினையைக் கடன் வாங்கி ‘அந்தா’ என்போம். அர்ஜென்டினா மட்டும் இல்லை, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவில் பெரும்பகுதி எல்லாம் வோஸ் ஊர்.

முதல்வரிசை:
சுலபம்தான், ஆனால் பாடநூல்களில் பெரும்பாலானவை தூ வைத்துத்தான் எழுதப்படுகின்றன. கேள்விக்குறி இப்போது வோஸ் படித்து என்ன செய்வார்?

தெற்குக்கோடி:
படிக்கச் சொல்லவில்லை, கேட்டால் புரிந்துகொள்ளட்டும். கால்பந்து வீரர்கள் பேட்டியைப் பார்த்தாலே ‘மிரா’, ‘மிரா’ என்று வரும். ‘மீர’ என்று மட்டும் படித்தவருக்கு அது வேறு சொல் மாதிரி இருக்கும்.

மத்ரித்_வாசி:
இந்த இடத்தில் கொலம்பியாவையும் சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் ‘உஸ்தேத் என்றால் தூரம்’ என்று நான் சொன்னது எல்லா ஊருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். பொகோத்தாவில் நண்பனிடமும் உஸ்தேத், சில வீடுகளில் அம்மா பிள்ளையிடமும் உஸ்தேத். பொயாகா பக்கம் ‘சுமெர்சே’ என்று ஒரு சொல், நன்னூல் ஐயா சொன்ன அந்த மெர்சேத்தின் இன்னொரு பேரன், கட்டளை வடிவம் உஸ்தேத்துடையதே. அங்கே ‘கோம’ என்று அம்மா சொன்னால் அதில் தூரம் எதுவும் இல்லை. ஆக, மத்ரித் பழக்கத்தோடு பொகோத்தா போனாலும் இடிக்கும், பொகோத்தா பழக்கத்தோடு மத்ரித் வந்தாலும் இடிக்கும். எதிரில் இருப்பவர் உங்களிடம் எதைப் போடுகிறாரோ அதையே திருப்பிப் போடுங்கள். உஸ்தேத் போட்டவரிடம் நீங்களாக தூ-வுக்குத் தாவாதீர்கள், அவ்வளவுதான் கணக்கு.

கேள்விக்குறி:
சரி, எதிரில் யார் என்று பார்க்க வேண்டும், புரிந்தது. ‘எஸ்பேரமெ’ என்று குமார் அண்ணா எழுதினாரே, அந்த ஒட்டுக்கு விதி என்ன? எப்போது உயிரெழுத்துக்கு மேலே அந்த அழுத்தக் கோடு போட வேண்டும்?

வகுப்பறை_அக்கா:
நேர்க்கட்டளையில் எனக்கு, அதை, அவர்களுக்கு போன்ற சின்னச் சொற்கள் எல்லாம் வினைக்குப் பின்னால், இடைவெளி இல்லாமல் ஒட்டும். ஆப்ல + மெ = ஆப்லமெ, என்னிடம் பேசு. கோமெ + லொ = கோமெலொ, அதைச் சாப்பிடு. எஸ்க்ரீபெ + மெ + லொ = எஸ்க்ரீபெமெலொ, அதை எனக்கு எழுது. முக்கியமானது, ஒட்டு எத்தனை வந்தாலும் அழுத்தம் நகராது, ஆரம்பத்தில் இருந்த அசையிலேயே இருக்கும். ஸ்பானிஷ் எழுத்தில், உயிரில் முடியும் சொல்லுக்கு இயல்பாகக் கடைசிக்கு முந்திய அசையில்தான் அழுத்தம். அழுத்தம் அதற்கும் முந்திய அசையில் இருந்தால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ‘ஆப்ல’வுக்குக் கோடு வேண்டாம், ‘ஆப்லமெ’வுக்குக் கண்டிப்பாக வேண்டும். நெடில் வழக்கத்தில் எழுதினால் எண்ணுவது சுலபம், நெடிலுக்குப் பின்னால் இரண்டோ அதற்கு மேலோ அசை வந்தால் கோடு.

தெற்குக்கோடி:
எங்கள் ஊரில் இதுவும் தலைகீழ். தனியாக ‘அப்லா’ என்றால் கடைசியில் அழுத்தம், கோடு உண்டு. ‘மெ’ ஒட்டினால் ‘அப்லாமெ’, இப்போது அழுத்தம் கடைசிக்கு முந்தியதில் இயல்பாக உட்கார்ந்துவிட்டது, கோட்டை எடுத்துவிடுவோம். ரோமனில் தூ-வின் ஆப்லமெவும் எங்கள் அப்லாமெவும் ஒரே எழுத்துகள், கோடு இருந்தால் மெக்சிகோ, இல்லாவிட்டால் அர்ஜென்டினா.

நன்னூல்_பித்தன்:
‘பேசுவோம்’ வடிவத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அப்லேமொஸ், கொமாமொஸ், எஸ்க்ரிபாமொஸ். வியங்கோள் உயிரேதான், எ, அ, அ.

வகுப்பறை_அக்கா:
மறக்கவில்லை, தள்ளிவைத்தேன். பேச்சில் அதற்குப் பதில் ‘வாமொஸ் அ அப்லார்’ என்றுதான் பெரும்பாலும் வரும். தம்பி, வீட்டுப்பாடம் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா?

கேள்விக்குறி:
இருக்கிறது அக்கா. ஒரு சமையல் குறிப்பை நண்பனுக்குச் சொல்வது போல எழுத வேண்டும். ஸ்பெயின் உருளைக்கிழங்கு முட்டை அடை எடுத்தேன், தொர்தீய. பொரிப்பது ஒழுங்கற்ற வினை என்று அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

பேல லஸ் பதாதஸ். லாவலஸ். கோர்தலஸ். பாத லொஸ் வேவொஸ். ஏச சால். மேஸ்க்ல தோதொ. தேஹ ரெபொசார்.

உருளைக்கிழங்கைத் தோல் சீவு, கழுவு, வெட்டு, முட்டையை அடி, உப்புப் போடு, எல்லாவற்றையும் கல, ஊறவிடு. சரியா?

வகுப்பறை_அக்கா:
நன்றாக வந்திருக்கிறது. ‘லாவலஸ்’, ‘கோர்தலஸ்’ இரண்டிலும் நெடிலுக்குப் பின்னால் இரண்டு அசை, ரோமனில் எழுதும்போது கோடு போடுங்கள். ஒரு வரி மட்டும் பாருங்கள். முட்டை அடிப்பது பதீர், ஈர் குடும்பம். நண்பனிடம் ‘பாதெ’ என்று வர வேண்டும். ‘பாத’ என்றால் உஸ்தேத், முட்டை அடிக்கும்போது மட்டும் நண்பனுக்கு மரியாதை கூடிவிட்டது. ஆர் வினைகள் வரிசையாக ‘அ’, ‘அ’ என்று வந்த வேகத்தில் நாக்கு அப்படியே போயிருக்கிறது, எல்லோருக்கும் நடப்பதுதான். ஆர் வினைகளுக்கு நடுவில் ஓர் ஈர் வினை வந்தால் அங்கே ஒரு நொடி நின்றுவிட்டுப் போங்கள்.

நன்னூல்_பித்தன்:
சமையல் குறிப்பு என்றதும் இன்னொன்று. ஸ்பானிஷ் சமையல் புத்தகங்களில் பாதி, கட்டளையே போடாமல் ‘பெலார் லஸ் பதாதஸ்’, ‘பதீர் லொஸ் வேவொஸ்’ என்று அகராதி வடிவத்தை வைத்தே ஓட்டிவிடும். நாமும் குறிப்பு எழுதும்போது ‘நறுக்கு’ என்றோ ‘நறுக்குங்கள்’ என்றோ எழுதுவதைவிட ‘நறுக்கவும்’, ‘வதக்கவும்’ என்றுதானே எழுதுகிறோம். ‘நறுக்க’ என்ற எச்சத்தோடு ஓர் ‘உம்’. யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாத இடத்தில் இரண்டு மொழியும் ஒரே வழியைத்தான் பிடித்திருக்கின்றன. மத்ரித்காரர் சொன்ன ஆசிரியையை மொழிக்கழகம் ஏற்காது, ஆனால் புத்தகத்திலும் பலகையிலும் ஆளைச் சுட்டாமல் வரும் அகராதி வடிவத்தை ஏற்கும்.

மத்ரித்_வாசி:
எல்லாம் இருக்கட்டும், வெங்காயம் எங்கே? இந்த நாட்டில் தொர்தீயவில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பதற்குத்தான் உண்மையான சண்டை. நான் போடும் கட்சி. ‘ஏச செபோய’ என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்விக்குறி:
சேர்த்துவிட்டேன், பாதெ-யும் திருத்திவிட்டேன். வீட்டு உரிமையாளர் அம்மாவுக்குச் சொல்வது போல உஸ்தேத்திலும் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். பேலெ லஸ் பதாதஸ். லாவெலஸ். கோர்தெலஸ். பாத லொஸ் வேவொஸ். ஏசெ சால். ஏசெ செபோய. மேஸ்க்லெ தோதொ. தேஹெ ரெபொசார்.

வகுப்பறை_அக்கா:
எல்லாம் சரி. இதில் முட்டை வரியும் சரி.